மல்லாக்கப் போட்ட நட்சத்திர மீன்

கடலை நான் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. அதற்கு முன்பே பதினோரு வருடம் கடல்வாழ் பிராணிகளைப் பற்றிப் பாடம் நடத்தி முடித்திருந்தேன். சிரிக்காதீர்கள். அன்றைக்கு எங்கள் கொங்கு நாட்டுப் பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானம் நடத்தியவர்களில் பாதிப் பேர் கடலைப் படத்தில்தான் பார்த்திருந்தோம். பசிபிக் சமுத்திரம் எவ்வளவு ஆழம் என்று மூச்சு விடாமல் சொல்வோம். கடல் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தவன் எங்கள் ஆசிரியர் அறையில் ஒருத்தன்கூடக் கிடையாது.

நான் பிறந்தது காங்கயம் பக்கம். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கம்பும் சோளமும், பெய்யாவிட்டால் எருக்கஞ்செடி. வேலை கிடைத்தது கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில், உயர்நிலைப் பள்ளியில். அங்கே வாய்க்கால் பாசனம். எந்தப் பக்கம் திரும்பினாலும் நெல், வாழை, மஞ்சள். தண்ணீரில் வாழும் பிராணி என்று எனக்கு நேரில் தெரிந்ததெல்லாம் வாய்க்கால் கெண்டையும், வரப்பில் வளை தோண்டும் நண்டும், நத்தையும்தான்.

பள்ளிக்கூடத்தில் ஒரு படம் இருந்தது. துணி ஒட்டி, மேலும் கீழும் கட்டை வைத்த பெரிய படம். எந்தக் காலத்தில் வாங்கியதோ, மடிப்பெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. சொறிமீன், கடல் சாமந்தி, சங்கு, கீழே வலது ஓரத்தில் நட்சத்திர மீன். ஐந்து கைகள். ஒவ்வொரு கையின் நடுவிலும் ஒரு பள்ளம். பள்ளங்கள் வந்து சேரும் இடத்தில் வட்டமாக ஒரு வாய். பாடப்புத்தகத்தில் அதற்கு நாலே வரி. பெயர்தான் மீன், மீன் இனம் அல்ல. ஐந்து கரங்கள் உண்டு. நடுவில் வாய் உண்டு. கடலின் அடியில் வாழும். அவ்வளவுதான். பிரிவேளையோ நாற்பத்தைந்து நிமிடம். நாலு வரியை வைத்துக்கொண்டு எப்படி ஓட்டுவது?

ஓட்டினேன். படத்தில் வாய் நம்மைப் பார்த்து இருக்கிறதல்லவா? அப்படியானால் அது வாயை மேலே வைத்துக்கொண்டு மல்லாந்து கிடக்கிறது என்று நானாகவே முடிவு கட்டினேன். யாரையும் கேட்கவில்லை. கேட்க ஆளும் இல்லை. "நம்ம வானம் பார்த்த பூமி எப்படியோ, அப்படித்தான் அதுவும். மேலே இருந்து எது விழுதோ, அதைத் தின்னு பொழைக்குது" என்று வகுப்பில் சொன்னேன். எனக்கே அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆற்றங்கரையில் பிறந்தவனுக்கு இப்படித் தோன்றியிருக்காது. மேட்டுக்காட்டில் பிறந்து, சித்திரை மாதம் முழுக்க வானத்தை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவனுக்குத்தான் தோன்றும்.

அந்தக் காலத்தில் நோட்ஸ் சொல்வது என்று ஒரு வழக்கம் இருந்தது. வாத்தியார் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதை உருப்போட்டு, ஒரு எழுத்து பிசகாமல் பரீட்சையில் கக்க வேண்டும். வாத்தியாருக்கும் சௌகரியம், தாளைப் படிக்கவே வேண்டாம், கண்ணை ஓட்டினால் போதும். என் நோட்ஸில் அந்த வரி ஏறிவிட்டது. 'நட்சத்திர மீன் வாய் மேல்நோக்கி இருக்குமாறு மல்லாந்து கிடக்கும். மேலிருந்து விழுவதை உண்ணும்.' வருடத்துக்கு மூன்று வகுப்பு, எத்தனை பிள்ளைகள் அதை எழுதினார்களோ, எத்தனை பேர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்களோ, போங்கள்.

ஐம்பதுகளின் நடுவில் மூன்றாம் பாரத்தில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். மூன்றாம் பாரம் என்றால் இப்போதைய எட்டாம் வகுப்பு. ஒல்லியான பெண், நெற்றியில் மட்டும் ஒரு பிடிவாதம். அவள் அப்பா எங்கள் பக்கத்துக்காரர்தான். ரயில்வேயில் வேலை கிடைத்துப் பாம்பன் பக்கம் குடும்பத்தோடு போனவர், அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார். அம்மாக்காரி மகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊரில் இருந்த அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கும் தெரியும்.

நோட்ஸ் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"சார், அது குப்புறத்தானுங்க கெடக்கும்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்கு அப்போதெல்லாம் மூக்குக்கு மேல் கோபம். "நான் சொல்றதை எழுது. உக்காரு" என்றேன். அவள் உட்கார்ந்தாள். எழுதினாளா என்று நான் பார்க்கவில்லை.

எழுதவில்லை என்பது முழுப் பரீட்சைத் தாளில் தெரிந்தது. நட்சத்திர மீன் பற்றிக் குறிப்பு வரைக, ஐந்து மார்க். அவள் எழுதியிருந்தது இது: 'நட்சத்திர மீன் குப்புறக் கிடக்கும். வாய் அடியில் இருக்கும். நாம் அதை மல்லாக்கப் போட்டால் தானே திரும்பிக்கொள்ளும். நானும் எங்கள் அப்பாவும் பார்த்திருக்கிறோம்.'

அன்றைக்கு நூற்றுச் சொச்சம் தாள் திருத்தியிருந்தேன். மார்ச் மாத வெயில், கண்ணெல்லாம் எரிச்சல், முதுகு ஒடிந்துவிடும் போல இருந்தது. பரீட்சைத் தாளில் அப்பாவாவது மண்ணாங்கட்டியாவது என்று வாய்விட்டே சொன்னேன். செத்துப்போன மனுஷனை அப்படிச் சொன்னோமே என்று அப்போது உறைக்கக்கூட இல்லை. சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் முட்டை போட்டேன். கூட்டிப் பார்த்தால் முப்பத்திரண்டு. முப்பத்தைந்து எடுத்தால்தான் பாஸ். மற்ற பாடங்களிலெல்லாம் நன்றாகவே எடுத்திருந்தாள்.

முடிவு ஒட்டிய மறுநாள் அம்மாவும் மகளும் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார்கள்.

"ஏனுங்க சார், மூணே மூணு மார்க்குங்க" என்றாள் அம்மா. "எங்கண்ணன் கண்டிசனாச் சொல்லிப்போட்டாருங்க. பாஸாயிட்டாப் படிக்கட்டும், பெயிலாப் போனா ஊட்டோட இருக்கட்டும்னு. இவளுக்கு டீச்சராகோணும்னு ஆசைங்க. நீங்க பாத்து ஏதாச்சும் பண்ணுனீங்கன்னாத்தானுங்க."

"தப்பா எழுதியிருக்கறாம்மா. தப்புக்கு எப்படி மார்க் போடறது?"

அம்மா மகளைப் பார்த்தாள். சார்கிட்டக் கேட்டுக்கோ என்பது போல முழங்கையால் இடித்தாள். அந்தப் பெண் என்னை நேராகப் பார்த்தாள்.

"தப்பு இல்லீங்க சார்."

அவ்வளவுதான் சொன்னாள். மூன்று மார்க் என் பேனாவில் இருந்தது. கருணை மார்க் போடாத வாத்தியார் உண்டா? மூன்று என்ன, ஏழு போட்டுத் தேற்றிவிட்ட பையன்கள் உண்டு. அவள் அழுதிருந்தால் போட்டிருப்பேன். அழவில்லை. அதனால் போடவில்லை. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் பிடித்திருக்கிறது. பாஸானால் படிப்பு, இல்லாவிட்டால் அடுப்படி என்று தெரிந்தே செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது அவள் வரவில்லை. நாலைந்து வருடம் கழித்து மாமன் மகனுக்கே அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று பியூன் சொன்னார். அவரும் அந்த ஊர்க்காரர். நல்லதாப் போச்சு என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனேன். நட்சத்திர மீன் என் நோட்ஸில் தொடர்ந்து மல்லாந்தே கிடந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பொங்கல் லீவுக்கு ராமேசுவரம் சுற்றுலா என்று தலைமையாசிரியர் அறிவித்தார். அறிவித்தது அவர், போனது நான். "உங்களுக்குத்தான் விஞ்ஞானம், நீங்களே கூட்டிக்கிட்டுப் போங்க" என்று நாற்பது பிள்ளைகளை என் தலையில் கட்டிவிட்டு அவர் நிம்மதியாக மாமனார் வீட்டுப் பொங்கலுக்குப் போனார். கொழுக்கட்டை மாதிரி மூட்டை மூட்டையாகக் கட்டுச்சோறு. ஈரோட்டில் ஏறும்போதே ஒருத்தன் வாந்தி. திருச்சியில் வண்டி மாறும்போது இரண்டு பேரைக் காணோம். தேடிப் பிடித்தால் முறுக்குக்காரனிடம் நிற்கிறார்கள். பாம்பன் பாலத்தில் பிள்ளைகள் போட்ட கூச்சலில் என் மண்டை இரண்டாகப் பிளந்துவிடும் போலிருந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவே இல்லை. தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் பிள்ளைகளைச் சத்திரத்தில் துணைக்கு வந்த டிரில் வாத்தியாரிடம் ஒப்படைத்துவிட்டுத் தனியாகக் கரைக்குப் போனேன். கடலைப் பார்க்கும் ஆசையில் அல்ல. ஒரு அரை மணி நேரம் 'சார், சார்' என்ற சத்தம் காதில் விழாமல் இருந்தால் போதும் என்று போனேன்.

தண்ணீர் உள்வாங்கியிருந்தது. இருநூறு அடிக்கு ஈர மணலும் பாசியும் கணுக்கால் அளவுத் தண்ணீரும். முதலில் என் கண்ணில் பட்டது ஓடும் சங்கு. சங்கு ஓடுமா? கையில் எடுத்தால் உள்ளேயிருந்து ஒரு நண்டு எட்டிப் பார்த்துவிட்டு வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. அடுத்தவன் வீட்டில் குடியிருக்கிற நண்டு! இதையும் நான் நடத்தியிருக்கிறேன். ஆனால் அதன் கண் இரண்டும் குச்சி முனையில் நின்றுகொண்டு என்னையே முறைக்கும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு சொறிமீன் கரையில் ஒதுங்கிக் கிடந்தது, ஆறிப்போன கஞ்சி மாதிரி. அதற்கப்புறம் கறுப்பாக, பீர்க்கங்காய் அளவுக்கு ஒன்று. காலால் தொட்டேன், சுருங்கிற்று. கடல் அட்டை. அட, உயிரோடு இருக்கிறதே என்று சின்னப் பையன் மாதிரி வாய்விட்டுச் சொன்னேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். தலைவலி எங்கே போனதென்று தெரியவில்லை. அன்றைக்கு அந்தக் கால் மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். என் உத்தியோக காலத்தில் அப்படி இருந்த நேரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பிறகுதான் அதைப் பார்த்தேன். பாசிக்கு நடுவில், உள்ளங்கையை விடப் பெரிதாக, ஐந்து கையும் விரித்துக்கொண்டு. முதுகு முழுக்கச் செங்கல் நிறத்தில் முண்டு முண்டாக இருந்தது. வாயைக் காணோம். பாவம், அலை புரட்டிப் போட்டுவிட்டது, கவிழ்ந்து கிடக்கிறது என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். உபகாரம் செய்கிறவன் மாதிரி அதை எடுத்து, படத்தில் இருந்தபடியே வாய் மேலே இருக்கத் திருப்பி வைத்தேன்.

படத்தில் இருந்த அதே பள்ளங்கள். ஆனால் பள்ளத்துக்குள் நூற்றுக்கணக்கில் சின்னக் குழாய்கள், சேமியா நுனி மாதிரி, எதையோ தேடி நெளிந்துகொண்டிருந்தன. ஒரு கையின் நுனி மெல்ல மடிந்தது. மடிந்து மணலைத் தொட்டது. பக்கத்துக் கையும் மடிந்தது. இரண்டும் மணலைப் பிடித்துக்கொண்டு உடம்பை இழுத்தன. நான் குனிந்தபடியே நின்றேன், இடுப்பு வலித்தது. எத்தனை நிமிடமோ தெரியாது. மெதுவாக, ரொம்ப மெதுவாக, அது எழும்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, குப்புற விழுந்தது. விழுந்ததும் கைகளைப் பரப்பிக்கொண்டு நகர ஆரம்பித்தது.

மறுபடியும் மல்லாக்கப் போட்டேன். மறுபடியும் திரும்பியது. மூன்றாவது தடவையும் போட்டேன். ஒரு தடவையாவது என் பேச்சைக் கேட்டுச் சும்மா கிடக்காதா என்று இருந்தது எனக்கு.

கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போன மீன்காரப் பெண் ஒருத்தி நின்றாள்.

"ஏய்யா, அதைப் போட்டு இப்படி வதைக்கிறீக? அதுபாட்டுக்குப் போகட்டும், விடுங்கய்யா."

விட்டுவிட்டேன். அது மூன்றாவது தடவையும் திரும்பிக்கொண்டு பாசிக்குள் போய்விட்டது. ஈர மணலில் அப்படியே உட்கார்ந்தேன். 'நானும் எங்கள் அப்பாவும் பார்த்திருக்கிறோம்.' அந்த எழுத்து, என் சிவப்புக் கோடு, முட்டை, முப்பத்திரண்டு எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. இந்த மாதிரி ஒரு விடிகாலையில், இந்தக் கடலுக்குப் பக்கத்தில் எங்கேயோ, ஒரு அப்பாவும் மகளும் குந்தி உட்கார்ந்து, மல்லாக்கப் போட்டதைத் திரும்பும்வரை பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள். அவளுக்கு அப்பாவிடமிருந்து மிஞ்சியதே அவ்வளவுதானோ என்னவோ. அதைக் கொண்டுவந்து தாளில் வைத்தாள், நான் முட்டை போட்டேன். அடப் பாவி என்று என்னைத்தான் சொல்லிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

பிள்ளைகள் வந்ததும் இன்னொன்றைத் தேடிப் பிடித்து அவர்களுக்கும் காட்டினேன். "நான் நோட்ஸ்ல சொன்னது தப்பு. இதோ பாருங்க, வாய் அடியிலதான் இருக்குது" என்றேன். ஏதாவது கேட்பார்கள், சிரிப்பார்கள் என்று பார்த்தேன். முன்வரிசைப் பையன் ஒருத்தன் கவலையோடு கேட்டான்: "அப்பப் பரீட்சைக்கு எதைங்க சார் எழுதறது?"

கோயில் பக்கத்துக் கடையில் காய்ந்த நட்சத்திர மீன் ஒன்று வாங்கிக்கொண்டேன். ஊருக்குத் திரும்பியதும் நோட்ஸைத் திருத்தினேன். யாருக்கும் அது ஒரு சங்கதியாகவே படவில்லை. காய்ந்த நட்சத்திர மீனைச் செய்தித்தாளில் சுற்றி ஒரு மாதம் அலமாரியில் வைத்திருந்தேன். போகலாம் என்று ஒரு நாள், போய் என்னத்தைச் சொல்வது என்று மறுநாள். மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பியூனிடம் அடையாளம் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்த ஊரில் மஞ்சள் வேகவைக்கும் சமயம். ஊர் முழுக்க அந்த வாசனைதான். களத்தில் வெந்த மஞ்சளைப் பரப்பிக் கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள். கை இரண்டும் மஞ்சள். ஆள் தடித்திருந்தாள், முகம் காய்ந்திருந்தது. நெற்றி மட்டும் அதே நெற்றி.

"வாங்க சார். வெயில்ல வந்துட்டீங்களே. உக்காருங்க, மோரு கொண்டாறேன்."

கட்டிலை நிழலில் இழுத்துப் போட்டாள். பித்தளை டம்ளரில் மோர் வந்தது. அவளைச் சுற்றிக்கொண்டு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். புரட்டிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குழந்தை கேட்டதும் அதனிடம் கொடுத்துவிட்டாள்.

குழந்தை அதைத் தரையில் வைத்தது, மல்லாக்க. வைத்துவிட்டு எதிரே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு அதையே பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, இது திரும்ப மாட்டீங்குதும்மா" என்றது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஊர்க் குழந்தைக்கு அது யார் சொல்லித் தெரிந்திருக்கும்?

"அது செத்துப்போனது கண்ணு. உசுரு இருந்தாத்தான் திரும்பும்" என்றாள் அவள்.

"நீ எழுதுனதுதான் சரி, அம்மணி" என்றேன். "நான் போய்ப் பார்த்துட்டு வந்தேன். நான்தான் தப்பு பண்ணிட்டேன்."

"அது எனக்கு அப்பவே தெரியுமுங்களே, சார்."

கோபமே இல்லாமல் சொன்னாள். மாடு தண்ணீர் குடித்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பேசாமல் எழுந்து வந்திருக்க வேண்டும். வாத்தியார் புத்தி, ஏதாவது கொடுத்து ஈடு கட்டிவிடலாம் என்று நினைத்தது.

"பாப்பாவை நல்லாப் படிக்க வை. ஆறாவதுக்கு நம்ம பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. நான் அங்கதான் இருப்பேன். நானே கூட இருந்து பாத்துக்கறேன்."

அவள் குழந்தையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், அன்றைக்கு ஆசிரியர் அறை வாசலில் பார்த்த மாதிரி நேராக.

"படிக்க வெக்கறேனுங்க சார். கட்டாயம் படிக்க வெப்பேனுங்க. ஆனாக் கோவிச்சுக்காதீங்க, உங்க பள்ளிக்கூடம் வேண்டாமுங்க. கோபியிலயே வேற பள்ளிக்கூடம் பாத்துக்கறமுங்க." சொல்லிவிட்டு டம்ளரைப் பார்த்தாள். "இன்னொரு டம்ளர் மோரு ஊத்தட்டுங்களா?"

ஊற்று என்றேன். அவள் மோர் கொண்டுவர உள்ளே போனாள். குழந்தை இன்னும் அந்த நட்சத்திர மீன் முன்னால் உட்கார்ந்திருந்தது. நான் குனிந்து அதைக் குப்புறத் திருப்பி வைத்தேன். குழந்தை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மறுபடியும் மல்லாக்கப் போட்டுக் காத்துக்கொண்டிருந்தது.